திருகோணமலையில் பிள்ளைகளுடன் ஓர் இலக்கிய நாள்: பெற்றோருக்கான செய்முறை விளக்கம்

பாடசாலையில் தேவாரத்தை மனனம் செய்யும் பிள்ளைக்கு, அந்தப் பாட்டில் வரும் மலை தன் ஊரிலேயே இருக்கிறது என்பது பெரும்பாலும் உறைப்பதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போய், மான்களைப் பார்த்து, கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பும் அதே வழியில், ஒவ்வோர் இடத்திலும் அதற்குரிய ஒரு வரியையோ ஒரு கதையையோ நினைவூட்டி நடந்தால், அந்த நாள் வேறொன்றாகிவிடும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை மனத்திற்கொண்டு இந்த ஒழுங்கைத் தருகிறேன்.

படி 1: முதல்நாள் ஆயத்தம்

நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மழைக்காலத்தையும், கோயிலில் சனம் நெருக்கியடிக்கும் வெள்ளிக்கிழமைகளையும் தவிர்த்து நாளைத் தெரிவு செய்யவும். முதல்நாள் இரவு, கீழே வரும் இரண்டு மேற்கோள்களையும் பிள்ளையைக் கொண்டே ஒரு கொப்பியில் எழுதுவிக்கவும். கைப்பேசியில் படம் பிடித்து வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது, தன் கையால் எழுதிய வரியைத்தான் பிள்ளை மறுநாள் ஆவலோடு தேடும்.

படி 2: கோட்டை வாயில்

காலை ஏழு மணிக்கு முன்பாகவே, கோயிலுக்குச் செல்லும் வழியில் உள்ள பிரெட்ரிக் கோட்டை வாயிலுக்கு வந்துவிடுவது நல்லது. எல்லோரும் கோயிலை நோக்கி விரைவதால் வாயிற் கல்லைப் பார்ப்பவர் குறைவு. முதலில் அதில் செதுக்கப்பட்டுள்ள கயல்களைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அவை பாண்டியரின் சின்னம். பிறகு எழுத்துகளைத் தேடலாம். பல எழுத்துகள் தேய்ந்தும் சிதைந்தும் போயிருப்பதால் முழுவதையும் வாசிக்க முடியாது. அவ்விடங்களை நிரப்பி வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் பாடம் இவ்வாறு தொடங்கும்:

“முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப்
பின்னே பறங்கி பிரிக்கவே”

குளக்கோட்டன் கட்டிய கோயிலைப் பின்னாளில் பறங்கியர் இடிப்பர் என்பது இதன் கருத்து. 1622இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்தனர். அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. அப்படியானால் இது நடப்பதற்கு முன்பே சொல்லப்பட்டதா, நடந்த பின்பு எழுதப்பட்டதா என்று பிள்ளை கேட்கக்கூடும். விடை சொல்ல அவசரப்படாமல், நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேளுங்கள்.

படி 3: மலையேற்றம்

கோட்டைக்குள் புள்ளிமான்கள் பழகியவை போல அருகில் வரும். அவற்றுக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டாம். ஷொப்பிங் பையை ஒருபோதும் கீழே போட வேண்டாம், ஏனெனில் மான்கள் அதையும் விழுங்கிவிடுகின்றன. உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் அப்பக்கம் படம் எடுப்பதைத் தவிர்க்கவும்.

படி 4: சுவாமிமலை

சுவாமிமலை மேல் உள்ள கோணேசர் கோயிலில் வழிபாட்டை முடித்த பிறகு, கடலைப் பார்த்தபடி நிற்கக்கூடிய ஓர் இடத்தில் கொப்பியைத் திறக்கச் சொல்லவும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தின் முதற்பாட்டு இப்படி முடிகிறது:

“குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்
கோணமா மலையமர்ந் தாரே”

வாய்விட்டு வாசிக்கச் செய்து, பின் சற்று நேரம் பேசாமல் நிற்கவும். மலையடியில் அலை மோதும் ஓசை மேலே கேட்கும்போது, குரைகடல் என்ற சொல்லுக்கு உரையாசிரியர் எவரும் தேவைப்படார். சம்பந்தர் கடல் கடந்து இங்கு வந்தவரல்லர், இராமேசுவரத்தில் நின்றே பாடினார் என்பது மரபு. பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். அருணகிரிநாதரும் இத்தலத்துக்குத் திருப்புகழ் பாடியிருக்கிறார்.

இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவைக் காட்டும்போது, கோட்டை வாயிலில் விட்ட கதையையும் தொடரலாம். ஆர்தர் சி. கிளார்க் என்ற அறிவியற் புனைகதை எழுத்தாளரும் அவருடைய தோழர் மைக் வில்சனும் 1956இல் இக்கடலில் சுழியோடி, இடிக்கப்பட்ட கோயிலின் கற்களை அடியில் கண்டனர்.

படி 5: மரநிழலும் கடற்கரையும்

பத்து மணிக்குப் பிறகு வெயில் ஏறிவிடும். பூங்கா என்று தனியாக ஒன்றைத் தேடி அலைவதை விட, கோட்டைக்குள் உள்ள பெருமரங்களின் நிழலில் இளைப்பாறிவிட்டு, மாலையில் டச்சு வளைகுடாக் கடற்கரைக்குச் செல்வதே என் தெரிவு. தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படும் ‘மோகனாங்கி’ 1895இல் சென்னையில் வெளிவந்தது என்பதையும், அதை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையைச் சேர்ந்தவர் என்பதையும் அந்த மணலில் இருந்து சொல்லலாம்.

படி 6: பழைய சேமக்காலை

கோட்டைக்கு வெளியே, மைதானப் பக்கத்தில் உள்ள பழைய ஆங்கிலேயர் சேமக்காலையில், நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் இளைய சகோதரரும் கடற்படைத் தளபதியுமான சார்ள்ஸ் ஆஸ்டின் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1852இல் பர்மாவில் வாந்திபேதியால் இறந்தவர் அவர். இளவயதில், பரிசுப் பணத்தில் தம் சகோதரிகள் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவைகளை வாங்கி அனுப்பினார். ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் கடற்படையில் இருக்கும் தமையன் தங்கைக்கு அம்பர்ச் சிலுவை கொடுப்பது அதன் சாயல்தான். வாயில் பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரிக்கவும். கல்லறைகளின் மேல் ஏறவோ இருக்கவோ பிள்ளைகளை அனுமதிக்க வேண்டாம்.

மூதூரையும் இதே நாளில் சேர்க்க எண்ண வேண்டாம். 1660இல் மூதூரை அண்டிய கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து, தப்பிச் சென்று 1681இல் இலங்கை பற்றிய நூலை வெளியிட்ட ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸின் கதையும், ‘தோணி’ சிறுகதையை எழுதிய வ. அ. இராசரத்தினத்தின் ஊரான மூதூரும் தனியாக ஒரு நாளைக் கேட்பவை.