எந்த கூல்ட், எந்தக் கிளைபர்? கேட்கும் இசையைப் பகிரும்போது நாம் செய்யும் தவறுகள்

"பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ், பியானோவில் க்ளென் கூல்ட் வாசித்தது, உடனே கேள்" என்று நண்பன் ஒருவனிடம் சொல்லியிருந்தேன். ஒரு வாரம் கழித்து வந்தான். "என்னடா, பாய்ச்சல் பாய்ச்சல்னு சொன்னே, இது தாலாட்டு மாதிரி போகுது?" தப்பு என் மேல்தான். கூல்ட் அதை ஸ்டுடியோவில் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார், 1955இல் ஒன்று, 1981இல் ஒன்று. முதலாவது சுமார் 38 நிமிடம், இரண்டாவது சுமார் 51. தொடக்கத்தில் வரும் ஏரியா என்ற மூல மெட்டு மட்டுமே முதல் பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், இரண்டாவதில் மூன்று நிமிடம் ஆகும். நான் 55ஐ மனதில் வைத்துக்கொண்டு சொன்னேன், அவன் கையில் அகப்பட்டது 81.

மேற்கத்திய செவ்வியல் இசைக்காரர்கள் "இப்போது இதைத்தான் கேட்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளும்போது அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். படைப்பின் பெயரைச் சொல்கிறோம், ஒலிப்பதிவைச் சொல்வதில்லை. கராயன் இசைக்குழுவை நடத்திய பீத்தோவன் சிம்பொனிகள் என்றால் எது? பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு மட்டும் 60களில் ஒன்று, 70களில் ஒன்று, 80களில் ஒன்று என்று மூன்று முழுத் தொகுப்புகள் இருக்கின்றன, அதற்கு முன்னால் 50களில் லண்டன் ஃபில்ஹார்மோனியாவோடு வேறு ஒன்று. கிளைபர் நடத்திய ஐந்தாவது சிம்பொனி என்றால் இன்னும் வேடிக்கை. அப்பா எரிக் கிளைபர் 1953இல் ஆம்ஸ்டர்டாம் கன்சர்ட்கபோவோடு பதிவு செய்தார், மகன் கார்லோஸ் 1974இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு. இரண்டுமே கொண்டாடப்படுகிறவை என்பதால் கேட்பவர் எதை எடுத்தாலும் தலையாட்டிவிடுவார், நீங்கள் இருவரும் வேறு வேறு தட்டுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கடைசிவரை தெரியாது.

ஆகவே எழுதும்போது இசையமைப்பாளர், படைப்பு, வாசித்தவர், குழு, நடத்துநர் (பஸ் நடத்துநர் நினைவுக்கு வருகிறார் என்றால் கண்டக்டர் என்றே எழுதுங்கள், அதற்கும் அவர்தான் வருவார்), பதிவான ஆண்டு, கச்சேரியா ஸ்டுடியோவா என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிவிடலாம், அரை நிமிட வேலை.

அந்த ஆண்டிலும் ஒரு பொறி இருக்கிறது. உறையிலோ ஸ்ட்ரீமிங் செயலியிலோ முதலில் கண்ணில் படும் ஆண்டு பெரும்பாலும் வெளியீட்டு ஆண்டு, சில சமயம் மறுவெளியீட்டு ஆண்டு. 1950களில் பதிவானதற்குக் கீழே 2010 என்று போட்டிருப்பார்கள், நாமும் "புதுசா வந்திருக்கு" என்று எழுதிவிடுவோம். ஆண்டு சரியாக இருந்தாலும் போதாத இடமும் உண்டு. ஃபுர்ட்வெங்லர் 1951 ஜூலை 29 அன்று ஜெர்மனியின் பைராய்ட்டில் நடத்திய பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி ஈஎம்ஐ நிறுவனத்தின் தட்டாகப் பல்லாண்டு புழக்கத்தில் இருந்தது. பிறகு பவேரிய வானொலியின் காப்பகத்திலிருந்து ஒரு நாடா ஓர்ஃபியோ நிறுவனம் வழியாக வெளிவந்தது, வாசிப்பு வேறாக இருந்தது. இரண்டில் எது உண்மையான கச்சேரி, எதில் ஒத்திகையின் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன என்று அதன்பின் பெரிய விவாதமே நடந்தது. இந்த மாதிரி இடத்தில் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

எண்கள் பற்றிச் சுருக்கமாக. த்வோர்ஷாக்கின் 'நியூ வேர்ல்ட்' இன்று ஒன்பதாவது சிம்பொனி, பழைய தட்டுகளில் அதுவே ஐந்தாவது. ஷூபெர்ட்டின் 'முடிவுறாத' சிம்பொனி பல இடங்களில் எட்டு, ஜெர்மன்காரர்களிடம் ஏழு. படைப்புகளின் பட்டியல் எண்ணுக்கு முன்னால் கே. என்று போட்டால் மொஸார்ட்டுக்கும் கே. உண்டு, ஸ்கார்லாட்டிக்கும் கே. உண்டு. பெயரையும் பட்டியல் எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

அடுத்தது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் தரும் தவறு. நிமிடக் கணக்கைப் பார்த்து "இவர் இழுக்கிறார், அவர் ஓடுகிறார்" என்று தீர்ப்பு சொல்வது. ஷூபெர்ட்டின் பி ஃபிளாட் பியானோ சொனாட்டா, பட்டியல் எண் டி. 960, அதன் முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோக் கலைஞர் ரிக்டர் வாசித்தால் சுமார் 24 நிமிடம். இன்னொரு பியானோக் கலைஞர் பிரெண்டல் வாசித்தால் அதைவிட எவ்வளவோ குறைவு. ரிக்டர் மெதுவாகத்தான் வாசிக்கிறார், அதில் சந்தேகமில்லை, ஆனால் வித்தியாசத்தில் பெரும்பங்கு வேறு இடத்திலிருந்து வருகிறது. அதன் தொடக்கப் பிரிவைத் திரும்ப வாசி என்று ஷூபெர்ட் எழுதியிருக்கிறார், ரிக்டர் வாசிக்கிறார், பிரெண்டல் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். விட்டால் வெறும் நிமிடங்கள் மட்டும் போவதில்லை. திரும்பப் போவதற்கு முன்னால் வரும் ஒன்பது பார்கள் (தாளக் கட்டங்கள்) வேறெங்கும் வருவதில்லை, அவையும் சேர்ந்து போய்விடும். தொடக்கத்திலிருந்தே அடிக்குரலில் மெல்ல உறுமிக்கொண்டிருக்கும் ஒரு டிரில், அதாவது பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களின் வேகமான நடுக்கம், அங்கே மட்டும் திடீரென்று முழு பலத்தோடு இடிக்கும். அந்த இடியை ஒருமுறை கேட்டுவிட்டால் விட்டுவிட்டு வாசிப்பவர்களை மன்னிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் பிரெண்டல் தன் காரணங்களை விரிவாகவே எழுதியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிமிடத்தை ஒப்பிடும் முன் திரும்ப வாசிப்பு உண்டா இல்லையா என்று பார்த்துவிடுங்கள். இசையமைப்பாளர் ப்ரூக்னர் என்றால் எந்த வடிவம் என்றும் பார்க்க வேண்டும். எட்டாவது சிம்பொனிக்கு 1887 வடிவம் ஒன்று, 1890 வடிவம் ஒன்று.

"இதுக்கு மேல ஒரு பதிவே கிடையாது" என்று எழுதுவதைப் பற்றி. உற்சாகத்தில் எல்லோரும் எழுதுவதுதான், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் படிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைப்பதில்லை. "இரண்டாவது பகுதியில் ஓபோ என்ற குழல் வாத்தியம் நுழையும்போது மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிடுகிற மாதிரி இருக்கிறது" என்று ஒரு வாக்கியம் எழுதினால், அந்த இடத்துக்காகவே அவர் போய்க் கேட்பார். பெயரையும் கதையையும் வைத்துக் காது ஏமாறுவதற்கும் எல்லை இல்லை. ஜாய்ஸ் ஹாட்டோ என்ற பிரிட்டிஷ் பியானோக் கலைஞரின் பெயரில், நோயோடு போராடிக்கொண்டே வாசித்தவை என்ற கதையோடு ஏராளமான தட்டுகள் வந்தன, விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். 2006இல் அவர் இறந்தார். 2007இல் ஒருவர், லிஸ்ட் இயற்றிய எட்யூட்கள் என்ற பியானோப் பயிற்சிப் படைப்புகளை ஹாட்டோ வாசித்ததாகச் சொன்ன தட்டைக் கணினியில் போட்டார். மென்பொருள் வாசித்தவர் பெயராக லாஸ்லோ சைமன் என்று காட்டியது. தோண்டிப் பார்த்தால் தட்டுக்குத் தட்டு அடுத்தவர்கள் வாசித்தவை.

இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வைக்காததும் இந்த ரகம்தான். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதே காதுக்கு நன்றாகப் படும், அதை வாசிப்பின் பெருமை என்று நினைத்துக்கொள்வோம்.

ஒரே டிராக்கின் இணைப்பை அனுப்புவதிலும் சிக்கல் உண்டு. பீத்தோவன் ஐந்தில் மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காவதற்குள் போய் வெடிக்கும். நான்கை மட்டும் அனுப்பினால் திரி இல்லாத வெடி. முழுதாக அனுப்பினாலும், செயலி நடுவில் அரை நொடி இடைவெளி விட்டால் அதே கதிதான், அந்த அமைப்பை முன்பே சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம், குறைகளை மறைக்காதீர்கள். ரிக்டரின் 1958 சோபியா நகரக் கச்சேரியில் முசோர்க்ஸ்கியின் இசையைவிட இருமல் அதிகம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்பவர் பொறுத்துக்கொள்வார், சொல்லாவிட்டால் இரண்டாம் நிமிடத்தில் மூடிவிடுவார். என் நண்பன் கடைசியில் 1955 கோல்ட்பர்க்கைக் கண்டுபிடித்துக் கேட்டான். ராத்திரி போன். "பியானோ பிரமாதம்டா. ஆனா பின்னாடி யாரோ முனகிக்கிட்டே இருக்காங்களே, என் ஹெட்போன் போயிடுச்சா?"

கூல்ட் வாசிக்கும்போது கூடவே பாடுவார் என்பதைச் சொல்ல மறந்திருந்தேன்.