ஒரு குடும்ப மரம், இரண்டு மென்பொருள்: தம்பதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணவனும் மனைவியும் சேர்ந்து வம்சாவளியைத் தொகுக்கத் தொடங்கும் வீடுகளில் முதல் பிணக்கு பெரும்பாலும் மென்பொருளைப் பற்றியே வருகிறது. ஒருவருக்கு கிராம்ப்ஸ் போல ஒவ்வொரு தகவலுக்கும் சான்றைக் குறித்துவைக்க இடம் தரும் நிரல் பிடித்திருக்கும். மற்றவருக்குக் கைப்பேசியிலேயே படங்களோடு மரம் விரியும் இணையச் சேவைதான் வசதியாக இருக்கும். இதில் ஒருவரை மற்றவர் வழிக்கு வலிந்து இழுப்பது முதல் தவறு. பிடிக்காத நிரலில் உட்காரவைக்கப்பட்டவர் சில வாரங்களில் பதிவதையே விட்டுவிடுவார். பெரியவர்களிடம் பேசிப் பழைய செய்திகளைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர் அவராகவே இருந்தால், இழப்பு மரத்துக்குத்தான். முதலில் முடிவுசெய்ய வேண்டியது எந்தக் கோப்பு மூலக்கோப்பு, அதாவது இறுதியானதாக இருவரும் ஏற்கும் கோப்பு, என்பது. மென்பொருள் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அதை முடிவுசெய்யாதவர்கள் கெட்காம் கோப்பை இருவருக்கும் இடையே மாறி மாறி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். தவறுகளில் பெரியது இதுவே. 1984 முதல் வழங்கிவரும் இந்தப் பொது வடிவம் ஒரு நிரலிலுள்ள தகவலை இன்னொன்றுக்குக் கொண்டுபோக உதவுமே தவிர, இரண்டு மரங்களையும் ஒத்துப்போகச் செய்யாது. என் கணவர் எனக்கு அத்தை மகன். என் அப்பாவின் அப்பாவே அவருக்கு அம்மாவின் அப்பா. அவர் அனுப்பிய கோப்பை என் மரத்தில் இறக்கியபோது தாத்தா இரண்டு பேராக நின்றார், அவருடைய நான்கு பிள்ளைகளும் எட்டுப் பேரானார்கள். ஒவ்வொருவரையும் ஒப்பிட்டு இணைத்து முடிக்க எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. உறவுக்குள் மணம்செய்யும் குடும்பங்களில் தனித்தனி மரங்களாக வைத்துப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது வேலையை இரட்டிப்பாக்கும்.

கோப்பு போகும் வழியில் தகவல்கள் காணாமற்போவதும் உண்டு. கெட்காமின் பரவலாக வழங்கும் 5.5.1 வடிவத்தில் படங்கள் இரா. படக்கோப்பு இருக்குமிடம் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். 2021இல் வந்த 7.0 வடிவத்தில் படங்களையும் ஒரே கட்டாக அனுப்ப வழி உண்டு என்றாலும், இருவரின் மென்பொருளும் அதை ஏற்றால்தான் பயன். பழைய நிரல்கள் ஆன்செல் என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் ஏற்றுமதி செய்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும். எனவே தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 குறியீட்டுத் தெரிவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்பே அனுப்புங்கள். மூலக்கோப்பிலிருந்து மற்றவர் பார்வைக்கு ஒரே திசையில் மட்டும் அனுப்புவதும், அவர் திரட்டியதை மூலக்கோப்பில் கையால் பதிவதும் மெதுவான வேலைதான். ஆனால் ஒரே ஆள் இரண்டாகும் சிக்கல் வராது. இருவருமே பதிய விரும்பினால், ஒரே மரத்தை உலாவி வழியாகப் பலர் திருத்த இடம் தரும் கிராம்ப்ஸ் வெப் நல்ல வழி.

மூலக்கோப்பை டிராப்பாக்ஸ் போன்ற பொதுக் கோப்புறையில் வைத்து இருவரும் ஒரே நேரத்தில் திறப்பது இன்னொரு தவறு. அப்படித் திறந்தால் முரண்பட்ட இரண்டு பிரதிகள் உருவாகும். சில வேளைகளில் தரவுத்தளமே பழுதாகும். ஒருவர் மூடி, ஒத்திசைவு முடிந்த பிறகே மற்றவர் திறக்க வேண்டும்.

பெயரையும் தேதியையும் எப்படி எழுதுவது என்று பேசிவைக்காததால் வரும் குழப்பம் எந்த மென்பொருளை மாற்றினாலும் தீராது. குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் ஒருவர் தந்தை பெயரையும், மற்றவர் கணவர் பெயரையும் இட்டால், ஒரே பெண் இரு வேறு ஆட்களாகத் தெரிவார். பெண்களைத் தந்தை பெயரோடு பதிந்து, மணத்துக்குப் பின் வழங்கிய பெயரை மாற்றுப்பெயராகச் சேர்ப்பதே சரி என்பது என் கருத்து. தேதியிலும் கவனம் வேண்டும். எங்கள் பெரியம்மா ஒருவரின் ஜாதகத்தில் ‘பிரமாதி வருடம், தை மாதம்’ என்றிருந்தது. பிரமாதி 1939 சித்திரையில் தொடங்கியதால் என் கணவர் 1939 என்று பதிந்திருந்தார். ஆனால் அந்த ஆண்டின் தை 1940 ஜனவரியில்தான் பிறந்தது. கிராம்ப்ஸில் இஸ்லாமிய, யூத நாட்காட்டிகள் உண்டு, தமிழ் ஆண்டுகள் இல்லை. ஆகவே ஜாதகத்தில் உள்ளதை உள்ளபடியே குறிப்பில் எழுதிவிட்டு, கணக்கிட்ட ஆங்கிலத் தேதியைத் தனியே இடுங்கள்.

இணையத்தில் ஏற்றுமுன் மற்றொன்றையும் பாருங்கள். ஃபேமிலிசர்ச் என்ற இணையச் சேவையின் மரம் எல்லாருக்கும் பொதுவானது. அதில் இறந்தவர்களின் பதிவுகளை முன்பின் அறியாதவரும் திருத்தலாம். உயிரோடிருக்கும் நாத்தனார், மைத்துனர் ஆகியோரின் பிறந்த நாளையும் படத்தையும் அவர்களைக் கேட்காமல் எந்தச் சேவையிலும் ஏற்றாதீர்கள். உங்கள் துணைவருக்குச் சம்மதம் என்பது அவருடைய உடன்பிறந்தவர்களின் சம்மதம் ஆகாது.