ரோமானியப் பொற்காசு: முகத்தை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள்

ரோமானியப் பொற்காசு என்றதும் எல்லோரும் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். மூக்கையும் தாடையையும் வைத்துப் பேரரசரின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் முதல் பேரரசர் அகஸ்டஸ், அவருக்குப் பின் வந்த டைபீரியஸ் இருவருமே காசில் வலப்பக்கம் பார்த்தபடி, இலைமாலை சூடி, மழித்த முகத்தோடுதான் இருப்பார்கள். எழுத்தை முதலில் பாருங்கள், முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்திலும் ஏமாற வழி உண்டு. 'அகஸ்டஸ்' என்று கண்ணில் பட்டதும் முதல் பேரரசர் என்று முடிவு கட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. டைபீரியஸின் காசில் தலையைச் சுற்றி 'டிஐ சீசர் திவி அக் எஃப் அகஸ்டஸ்' என்று இருக்கும். 'டிஐ' என்பது டைபீரியஸ். 'திவி அக் எஃப்' என்றால் தெய்வமாக்கப்பட்ட அகஸ்டஸின் மகன். கடைசியில் வரும் அகஸ்டஸ் வெறும் பட்டம். சீசரும் அப்படித்தான், பின்னால் வந்த பேரரசர்கள் பெயரிலும் ஒட்டிக்கொண்டே வரும்.

அதே காசின் பின்பக்கம், கோலும் கிளையும் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை டைபீரியஸின் தாய் லிவியா என்று அடித்துச் சொல்வார்கள். காசில் அவள் பெயரே இல்லை. 'பொன்டிஃப் மாக்சிம்', அதாவது தலைமைக் குரு என்ற பேரரசரின் பதவி மட்டும்தான் இருக்கிறது. அமைதித் தேவதை பாக்ஸாகவும் இருக்கலாம். 'உட்கார்ந்த பெண்' என்று குறித்து வைப்பதே நேர்மை.

அகஸ்டஸ் காசு ஒன்றில் இரண்டு ஆண்கள் நிற்பார்கள், நடுவே கேடயமும் ஈட்டியும். போர்வீரர்கள் என்று நினைக்கத் தோன்றும். உடையைப் பாருங்கள், இருவரும் உடுத்தியிருப்பது டோகா, அதாவது ரோமானியக் குடிமக்களின் உடை. அவர்கள் அகஸ்டஸ் தத்தெடுத்த பேரன்கள் காயஸ், லூசியஸ். மேலே பொடியாகத் தெரியும் கரண்டியும் வளைந்த கோலும் பூசாரிகளின் கருவிகள்.

படம் சரியாக இருந்தாலும் எடை போடாமல் விடக்கூடாது. டைபீரியஸின் இதே உட்கார்ந்த பெண் வெள்ளி டெனாரியஸிலும் உண்டு. அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். தங்க ஆரியஸ் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். வெள்ளிக்கு முலாம் பூசியிருந்தால் 4 கிராமைக்கூடத் தொடாது. பேரரசர் நீரோ கி.பி. 64இல் ஆரியஸின் எடையைக் குறைத்தார். பின்னாளில் பேரரசர் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சாலிடஸ் என்ற பொற்காசு சுமார் 4.5 கிராம்தான், அதை எடை குறைந்த போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சாலிடஸில் சிறகு முளைத்த உருவமெல்லாம் வெற்றித் தேவதை அல்ல. ஆறாம் நூற்றாண்டில் முதலாம் ஜஸ்டின் காலத்தில் அந்த இடத்துக்கு நேர்முகமாக நிற்கும் தேவதூதர் வந்துவிட்டார். கீழே 'கோனோப்' என்று இருந்தால் கான்ஸ்டான்டினோபிளில் அடித்தது என்றும் எழுதிவிடாதீர்கள். வேறு ஊர் அச்சுச்சாலைகளும் அந்த எழுத்தைப் போட்டிருக்கின்றன.

கடைசியாக, தலைமேல் உளி வெட்டு இருந்தால் பழுது என்று தள்ளாதீர்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அப்படி வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள். பட்டறையில் கொடுத்து அதைத் தேய்த்துச் சமன் செய்தால் காசு கெட்டுப் போச்சு. மண்ணில் கிடைத்த காசு என்றால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.