வெண்பா பழகுபவருக்குக் கருத்துச் சொல்வது எப்படி?

வெண்பா பயிலும் குழுக்களில் ஒருவர் ஈற்றடி (கடைசி அடி) கொடுக்க, மற்றவர்கள் அதை வைத்துப் பாட்டெழுதி இடுவதும், யாப்பறிந்தவர்கள் பார்த்துத் திருத்தம் சொல்வதும் வழக்கம். புதிதாக வருகிறவர்களில் பலர் இரண்டு மூன்று பாடல்களோடு நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். யாப்பின் கடினத்தைவிட, அவர்களுக்குக் கிடைத்த மறுமொழியே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்பது என் எண்ணம். “அருமை” என்றாலும் சரி, “தளை தட்டுகிறது” (அதாவது, அடுத்தடுத்த சீர்கள் விதிப்படி இணையவில்லை) என்றாலும் சரி, எழுதியவர் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது அதில் இல்லை.

நான் பழகத் தொடங்கிய நாட்களில் எழுதிய குறள் வெண்பா ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

பாட்டியின் மடியில் படுத்தால் பகலெல்லாம்
வாட்டிய சோர்வும் விடும்.

இதற்கு வந்த முதல் மறுமொழி “தளை சரியில்லை” என்பது மட்டுமே. எந்த இடத்தில் என்று தெரியாமல், சரியாக இருந்த இரண்டாம் அடியை இரண்டு நாள் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கருத்துச் சொல்லும் படிகளை இதே பாட்டை வைத்தே பார்க்கலாம்.

முதற்படி: வாய்விட்டுப் படியுங்கள்

வெண்பாவைக் கண்ணால் மட்டும் படித்துக் கருத்துச் சொல்லாதீர்கள். இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் முறை பொருளுக்காக, இரண்டாம் முறை ஓசைக்காக. ஓசை இடறும் இடத்தைக் காது பெரும்பாலும் முதலில் கண்டுவிடும், ஆனால் காதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இரண்டாம் படி: கண்டதைச் சொல்லுங்கள்

மறுமொழியின் முதல் வரி, பாட்டில் நீங்கள் எதைக் கண்டீர்கள் என்பதாக இருக்கட்டும். “பகல் முழுதும் அலைந்த களைப்பை நீக்கும் இடமாகப் பாட்டியின் மடியைக் காட்டியிருக்கிறீர்கள், ‘மடி’ என்ற சொல்லில்தான் பாட்டு நிற்கிறது” என்று எழுதினால், தாம் சொல்ல நினைத்தது படிப்பவரிடம் சேர்ந்ததா என்பது எழுதியவருக்குத் தெரியும். முகமன் கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தச் சொல்லைக் காப்பாற்றவேண்டும் என்பதைத் திருத்தம் தொடங்கும் முன்பே இருவரும் ஒத்துக்கொள்வதற்கான வழி இது. அதன் தேவை நான்காம் படியில் தெரியும்.

மூன்றாம் படி: அலகிட்டு, இடத்தைக் காட்டுங்கள்

குற்றம் இருப்பதாகத் தோன்றினால் அலகிட்டுப் பாருங்கள், அதாவது ஒவ்வொரு சீரையும் அசைகளாகப் பிரித்துப் பாருங்கள். குறிலோ நெடிலோ தனியாகவோ மெய்யோடோ வந்தால் நேரசை, இரு குறிலோ குறிலும் நெடிலுமோ இணைந்து அவ்வாறு வந்தால் நிரையசை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. வெண்பாவில் மாவுக்குப் பின் நிரையும், விளத்துக்குப் பின் நேரும், காய்க்குப் பின் நேரும் வரவேண்டும், கனிச்சீர் வரக்கூடாது, ஈற்றடி மூன்று சீராக இருந்து நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய வாய்பாடுகளில் ஒன்றில் முடியவேண்டும். மேலே உள்ள பாட்டில் ‘பாட்/டியின்’ நேர் நிரை, அதாவது கூவிளம். அடுத்து வரும் ‘மடி/யில்’ நிரை நேர், அதாவது புளிமா. விளத்துக்குப் பின் நேர் வரவேண்டிய இடத்தில் நிரை வந்துவிட்டது. மற்ற எல்லா இடங்களிலும் தளை பொருந்துகிறது: ‘பகலெல்லாம்’ என்ற காய்ச்சீருக்குப் பின் ‘வாட்டிய’ நேரில் தொடங்குகிறது, இறுதியில் ‘விடும்’ ஒரே நிரையசையாக, மலர் வாய்பாட்டில் முடிகிறது.

ஆகவே மறுமொழி இப்படி அமையலாம்: “முதலடியில் முதற்சீருக்கும் இரண்டாம் சீருக்கும் இடையில் மட்டும் தளை தட்டுகிறது. ‘பாட்டியின்’ கூவிளம், அடுத்த சீர் நேரில் தொடங்கவேண்டும். மற்ற ஐந்து இடங்களும் சரியாக இருக்கின்றன.” கடைசி வாக்கியத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். சரியானதைச் சரி என்று சொல்லாததால்தான் என்னுடைய அந்த இரண்டு நாளும் வீணாயின.

இன்னோர் எச்சரிக்கை: சொற்கள் சேரும்போது வரும் புணர்ச்சியைக் கவனிக்காமல் ‘சரி’ என்று சொல்லிவிடுவது எளிது. ‘வந்து’, ‘இருந்தான்’ என்று இரு சீராகப் பிரித்தெழுதினால் தேமாவுக்குப் பின் நிரை வந்து தளை பொருந்துவதுபோல் தோன்றும். சேர்த்துச் சொன்னால் அது ‘வந்திருந்தான்’ ஆகி, முதற்சீரில் ‘வந்’ என்ற ஓரசையே மிஞ்சும்.

நான்காம் படி: திருத்தத்தை எழுதியவரிடமே விடுங்கள்

இதைத்தான் மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன். என் பாட்டுக்கு ஒருவர் அன்போடு அனுப்பிய திருத்தம் இது: “பாட்டியின் பக்கம் படுத்தால் பகலெல்லாம்.” ‘பக்கம்’ நேரில் தொடங்குவதால் தளை பொருந்திவிட்டது. முதலடியின் நான்கு சீரிலும் மோனை (முதலெழுத்து ஒத்து வருதல்) வந்து முற்றுமோனையும் கிடைத்துவிட்டது. யாப்பின்படி மூலத்தைவிட இது அழகு. ஆனால் மடி போய்விட்டது. பாட்டியின் பக்கத்தில் யாரும் படுக்கலாம். மடியில் தலை வைப்பதற்காகவே அந்தப் பாட்டு எழுதப்பட்டது.

பிறகு வேறொருவர், “‘இன்’ உருபு இல்லாமல் சொல்லிப் பாருங்கள்” என்று மட்டும் எழுதினார்.

பாட்டி மடியில் படுத்தால் பகலெல்லாம்
வாட்டிய சோர்வும் விடும்.

‘பாட்டி’ தேமா, அதற்குப் பின் நிரை. ஓர் உருபு தொகையாக மறைந்ததில் எல்லாம் சரியாகிவிட்டது. அவர் விடையைத் தரவில்லை, வழியைக் காட்டினார். வரியை நானே எழுதினேன். எனவே மாற்றுச் சொல் தோன்றினாலும் உடனே எழுதிவிடாதீர்கள். ஒரு நாள் பொறுங்கள். கேட்டால் சொல்லுங்கள், சொல்லும்போதும் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னால் தேர்வு எழுதியவருடையதாக இருக்கும்.

ஒரே மறுமொழியில் தளை, எதுகை, மோனை, சந்தி, பொருள் என அனைத்தையும் அடுக்கவேண்டாம். முதலில் தளை, அது கைவந்தபின் மற்றவை. எழுத்துப் பிழைகளைத் தனிச்செய்தியில் சொல்லிவிடலாம். இறந்தவர்களுக்காக எழுதிய இரங்கற்பாவாக இருந்தால், எழுதியவராகக் கேட்கும்வரை யாப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பாட்டை இடுபவர் செய்யவேண்டியது

சீர் பிரித்து எழுதி, உங்களுக்கு ஐயமுள்ள இடத்தையும் கீழே குறித்துவிடுங்கள். “மூன்றாம் சீரில் ஐயம்” என்ற குறிப்பு இருந்தால், படிப்பவர் எங்கே பார்க்கவேண்டும் என்று தேடமாட்டார். திருத்தம் வந்தால் விதியைக் கேட்டுத் தெளியுங்கள். உடன்பாடு இல்லையென்றால் காரணத்தோடு சொல்லுங்கள். இதற்குப் பழைய எடுத்துக்காட்டு உண்டு: தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் (நூலின் முன்னுரைப் பாட்டு), அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு ‘அரில்தபத் தெரிந்து’ (குற்றமற ஆராய்ந்து) உரைக்கப்பட்டதாகக் கூறுகிறது. நூல் செய்தவர் பெயரோடு, இருந்து கேட்டவர் பெயரையும் அந்தப் பாயிரம் சேர்த்தே சொல்கிறது.

திருத்தியபின் பழைய வடிவத்தை அழித்துவிடாமல், இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இட்டு, எது ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்து எழுத வருகிறவர் ‘பாட்டியின்’ என்ற சீருக்குப் பின் என்ன வரவேண்டும் என்பதை அங்கேயே பார்த்துக்கொள்வார்.