மாருதி 800-இன் ஸ்டியரிங் வீலை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கறுப்பு நன்றாகத் தெரியும். வெயிலில் நின்ற வண்டியை எடுத்துக் கால் மணி நேரம் ஓட்டினால் போதும், உள்ளங்கை கரி பூசியதுபோல் ஆகிவிடும். ஸ்டியரிங் வீலின் மேல்தோல் பாலியூரித்தேன் என்ற நுரைப் பொருள். வருடக்கணக்கில் வெயிலும் வியர்வையும் பட்டுப் பட்டு அது இளகிப் பிசுபிசுக்கும், பிறகு வெடித்து உதிரும். பலர் மேலே ஓர் உறையை மாட்டி மறைத்துவிடுகிறார்கள். ஆனால் இளகிய தோலின் மேல் உறை பிடித்து நிற்காது. அவசரமாகத் திருப்பும் நேரத்தில் உறை மட்டும் கையோடு சுழலும், வீல் திரும்பாது. அதற்கு வீலையே மாற்றிவிடுவது நல்லது.

நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் அந்தக் கறுப்பு அல்ல. என்னுடைய 2004 மாடல் வண்டி இன்னொருவரிடமிருந்து வாங்கியது. வாங்கிய ஒரு மாதத்தில், வீலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் லேசாக ஆடுவதைக் கவனித்தேன். வீலின் நடுவில் ஹாரன் அடிக்க அழுத்தும் மூடியை, அதாவது ஹாரன் பேடைக் கழற்றிப் பார்த்தேன். வீலை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய நடு நட்டு, விரலால் தொட்டதும் சுற்றியது. முன்பு எப்போதோ யாரோ வீலைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். நட்டை முறுக்காமலே மூடிவிட்டார்கள். அந்த ஒரு மாதத்தில் மகளைப் பின் சீட்டில் உட்காரவைத்துத் தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் எத்தனை முறை போய்வந்தேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது. அன்றிலிருந்து அந்த நட்டை நானே முறுக்குகிறேன். நீங்களும் அப்படிச் செய்யலாம். முதல் முறை செய்பவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

முதலில் ஒரு கண்டிப்பு

இந்த விளக்கம் ஏர்பேக் இல்லாத வண்டிக்கு மட்டுமே. மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்டோவின் சாதாரண மாடல்கள் போன்றவை இதில் அடங்கும். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். அதற்கு முன்பே பல மாடல்களில் அது வந்துவிட்டது. வீலின் நடுவில் ஆங்கிலத்தில் 'ஏர்பேக்' (AIRBAG) அல்லது 'எஸ்.ஆர்.எஸ்.' (SRS) என்று பொறித்திருந்தால் இத்துடன் நிறுத்திக்கொண்டு, பயிற்சி பெற்றவரிடம் வண்டியைக் கொடுங்கள். அந்த மூடிக்குள் இருப்பது வெடிமருந்தால் விரியும் பை. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் மின்சுற்றில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அது வெடித்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஏர்பேக் உள்ள வீலைக் கழற்றிவிட்டு அழகுக்காக வேறு வீல் மாட்டுவது அதைவிடப் பெரிய தவறு. உயிரைக் காக்க வைத்த பொருளைக் காசு கொடுத்து அகற்றுவதுதான் அது.

எந்த வீல் வாங்குவது?

அதே மாடலுக்கு, முடிந்தால் அதே வருடத்தை ஒட்டி வந்த அசல் வீலை வாங்குங்கள். மாருதி 800 தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. ஆகவே புதிய அசல் வீல் கிடைக்காவிட்டால், சென்னையில் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேட வேண்டியிருக்கும். அங்கே போகும்போது பழைய வீலின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போக முடியாது, அது இன்னும் வண்டியில்தான் இருக்கும். அதனால் வண்டியின் வருடத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவார்களா என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கையில் வாங்கியதும் மூன்று இடங்களைப் பாருங்கள். நடுத்துளையின் உள்சுவரில் உள்ள பற்கள் கூர்மையாக, முழுதாக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் வேண்டாம். வீலைத் தரைக்குச் சமமாகப் பிடித்து, கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். விளிம்பு வளைந்திருந்தால் அது விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து வந்திருக்கலாம், வேண்டாம். பின்பக்கம் ஹாரனுக்கான பித்தளை வளையம் தேயாமல் இருக்க வேண்டும்.

விளையாட்டுக் கார் பாணியில் சிறிய வீல் மாட்ட ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. வீலின் விட்டம் குறையக் குறைய, திருப்பத் தேவையான பலம் கூடும். வண்டியை நிறுத்தும் இடத்தில், சந்துகளில் தோள்பட்டை வலிக்கும். அந்த மாதிரி வீலுக்கு இடையில் 'பாஸ் கிட்' என்ற இணைப்புத் துண்டும் வேண்டும். அது தரமில்லாமல் இருந்தால் நம் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பலவீனத்தை நாமே நுழைத்ததாக ஆகும். தொடக்கக்காரர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தேவையானவை

பேட்டரிக்கு 10 மி.மீ. ஸ்பேனர். நடு நட்டுக்கு நீளமான கைப்பிடியுடன் சாக்கெட். பெரும்பாலும் 17 மி.மீ. பொருந்தும். நட்சத்திர முனைத் திருப்புளி ஒன்று, தட்டை முனைத் திருப்புளி ஒன்று. துரு இளக்கும் ஸ்பிரே. இறுகிய வீலை இழுத்தெடுக்கும் கருவியான ஸ்டியரிங் புல்லர் ஒன்று; இதை விலைக்கு வாங்க வேண்டாம், பழக்கமான ஒர்க்‌ஷாப்பில் ஒரு நாளைக்குக் கேட்டால் தருவார்கள். நாம் வைத்த அளவுக்கு நட்டு இறுகியதும் கிளிக் என்று சத்தம் தரும் டார்க் ரெஞ்ச் இருந்தே ஆக வேண்டும், அதையும் இரவல் வாங்கிக்கொள்ளலாம். கடைசியாக, வெளிர் நிறத்தில் ஒரு நகப்பூச்சுக் குப்பி. அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

படி 1: சக்கரங்களை நேராக்குங்கள்

பலர் தவறவிடும் படி இதுதான். நேரான, சமமான சாலையில் மெதுவாக ஓட்டி வந்து, வீலைத் திருப்பாமல் அப்படியே நிறுத்துங்கள். முன்சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று இறங்கிப் பாருங்கள். அந்த நிலையில் ஸ்டியரிங் வீல் எப்படி நிற்கிறது என்பதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீலே லேசாக, நடுத்துளையின் பற்களில் அரைப் பல் அளவுக்குச் சாய்ந்து நின்றால், அந்தக் குறை வீலில் இல்லை, கீழே சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடில் இருக்கிறது. அதை வீல் அலைன்மென்ட் செய்யும் இடத்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

கை பிரேக்கைப் போடுங்கள். இண்டிகேட்டர் நெம்புகோலை நடுவில் வையுங்கள். அது இடமோ வலமோ இருந்தால், வீலைக் கழற்றும்போதோ மாட்டும்போதோ இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் சிறு பிளாஸ்டிக் முனை உடைந்துபோகும்.

படி 2: பேட்டரியைத் துண்டியுங்கள்

நெகட்டிவ் முனையைக் கழற்றி, தானாகப் போய்த் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்குங்கள். இதைச் செய்யாமல் ஹாரன் பேடைத் தொட்டால் தெருவே எழுந்துவிடும்.

படி 3: ஹாரன் பேடைக் கழற்றுங்கள்

சில வருட மாடல்களில் வீலின் பின்பக்கத்திலிருந்து ஸ்குரூ போட்டிருப்பார்கள். மற்றவற்றில் கிளிப் மட்டும் இருக்கும். முதலில் பின்பக்கம் விரலால் தடவி ஸ்குரூ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பேடின் கீழ் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்து நேராக உங்களை நோக்கி இழுங்கள். பழைய பிளாஸ்டிக் என்பதால் திருப்புளியால் நெம்புவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். நெம்பித்தான் ஆக வேண்டுமென்றால் முனையில் துணி சுற்றுங்கள். பேடு கையோடு வந்ததும் அதன் வயரைப் பிடுங்காதீர்கள். இணைப்பு முனையைப் பிடித்துக் கழற்றுங்கள்.

படி 4: அடையாளம் போடுங்கள்

இப்போது நட்டு தெரியும். அதன் நடுவில் ஸ்டியரிங் தண்டின் நுனி எட்டிப் பார்க்கும். தண்டைச் சுற்றி நெருக்கமாக வரிவரியாகப் பற்கள் வெட்டியிருக்கும். வீலின் நடுத்துளையில் அதற்கு ஏற்ற பற்கள். இரண்டும் கோத்துக்கொள்வதால்தான் கை திருப்புவது சக்கரம் வரை போகிறது. சுற்றிலும் 36 பற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் மாறி மாட்டினால் வீல் 10 டிகிரி சாய்ந்து நிற்கும். முதல் முறை நான் அடையாளம் போடாமல் கழற்றி, ஒரு பல் தவறி மாட்டிவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

நகப்பூச்சு இதற்குத்தான். நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்திய பிறகு, தண்டின் நுனியிலிருந்து வீலின் நடுப்பகுதி வரை மெல்லிய ஒரே கோடு இழுங்கள். காய ஐந்து நிமிடம் விடுங்கள். சாக்பீஸோ மார்க்கர் பேனாவோ கையில் எண்ணெய் பட்டால் அழிந்துவிடும், இது அழியாது.

நட்டைத் தளர்த்தும்போது ஒரு கையால் வீலின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாவியை எடுத்துவிட்டு ஸ்டியரிங் லாக்கின் பிடிப்பில் நட்டைத் திருப்பாதீர்கள். அந்த லாக் திருட்டைத் தடுக்கச் செய்த சிறு இரும்புத் துண்டு, நீளக் கைப்பிடியின் பலத்தைத் தாங்காது.

படி 5: வீலை இழுத்தெடுங்கள்

நட்டை முழுவதும் கழற்றாதீர்கள். தண்டின் நுனியோடு சமமாக நிற்கும் அளவுக்கு மரையில் விட்டுவையுங்கள். இறுகிப் பிடித்திருந்த வீல் திடீரென்று விடுபடும்போது, நட்டு இல்லையென்றால் நேராக முகத்தில் வந்து அடிக்கும்.

தண்டைச் சுற்றி ஸ்பிரே அடித்து, பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு வீலை இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி உங்களை நோக்கி அசைத்து இழுங்கள். பெரும்பாலும் 'டக்' என்ற சத்தத்தோடு விட்டுவிடும். வரவில்லையென்றால் புல்லரைப் பொருத்துங்கள். வீலின் நடுப்பகுதியில் அதற்கென்றே இரண்டு மரைத்துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்களைச் சம ஆழத்துக்கு முறுக்கி, நடுத்திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வீல் விடுபட்டதும் நட்டை முழுவதும் கழற்றி வீலை எடுத்துவிடுங்கள்.

சுத்தியலை மட்டும் எடுக்காதீர்கள். விபத்தின்போது ஓட்டுநரின் மார்பில் குத்தாமல் உள்வாங்கும்படிதான் பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங் தண்டை அமைத்திருப்பார்கள். நுனியில் ஓங்கி அடித்தால் அந்த அமைப்பே கெட்டுப்போகும், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது.

படி 6: புதிய வீலை மாட்டுங்கள்

தண்டின் பற்களைப் பழைய பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். பழைய வீலில் உள்ள கோடு எந்த இடத்தில் இருக்கிறதோ, அதே இடத்தில் புதிய வீலிலும் ஒரு கோடு போடுங்கள். இரண்டு வீல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆரக்கால்களைக் கணக்காகக் கொண்டால் பிசகாது. தண்டில் உள்ள கோட்டுக்கு நேராக வீலை வைத்து அழுத்துங்கள். இண்டிகேட்டர் முனை அதன் குழியில் உட்காருகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். படி 1-இல் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள்.

நட்டைக் கையால் கடைசி வரை சுற்றுங்கள். மரை கடித்தால் உடனே நிறுத்தி, பின்னோக்கித் திருப்பி மறுபடி தொடங்குங்கள். பிறகு டார்க் ரெஞ்ச். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும் எண்ணைத்தான் வைக்க வேண்டும். கார்களில் இது பெரும்பாலும் 30 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் வரும், ஆனால் மாடலுக்கு மாடல் மாறும். 'கைக்குத் தெரியும்' என்று சொல்லி முறுக்குபவர்களை நான் நம்புவதில்லை. குறைந்தால் கழலும், கூடினால் மரை அறுந்துபோகும். கிளிக் சத்தம் கேட்ட பிறகு, நட்டின் ஒரு மூலையிலிருந்து தண்டின் நுனிக்கு நகப்பூச்சால் இன்னொரு கோடு போடுங்கள்.

ஹாரன் வயரை மாட்டி, பேடை அழுத்திப் பொருத்தி, பேட்டரியை இணையுங்கள்.

படி 7: சோதனை

வண்டி நின்ற இடத்திலேயே தொடங்குங்கள். வீலை மேலும் கீழும், முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். துளியும் ஆடக் கூடாது. ஹாரனை, வீல் நேராக இருக்கும்போதும், முழுவதும் இடமும் வலமும் திருப்பிய நிலையிலும் அடித்துப் பாருங்கள். வீல் நேராக இருக்கும்போது அடித்து, திருப்பினால் அடிக்கவில்லையென்றால் பித்தளை வளையத்தில் அழுக்கு இருக்கிறது. இரண்டு இண்டிகேட்டர்களும் வீல் திரும்பி வரும்போது தானாக அணைய வேண்டும். நடுவிலிருந்து இடப்பக்கம் எத்தனை சுற்று போகிறதோ, வலப்பக்கமும் ஏறக்குறைய அத்தனை சுற்று போக வேண்டும்.

பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு தெருவில் மெதுவாக ஓட்டுங்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போவது அன்றைக்கு வேண்டாம். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஹாரன் பேடை மறுபடி கழற்றி, நட்டுக்கும் தண்டுக்கும் நடுவே போட்ட கோட்டைப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் நட்டு நகரவில்லை, பேடை மூடிவிடலாம். மயிரிழை அளவு விலகியிருந்தாலும் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். நட்டைக் கழற்றி மரையையும் பற்களையும் பார்த்து, புது நட்டு போட்டு முறுக்கி, கோட்டைப் புதிதாகப் போடுங்கள்.