தென்னையில் வெண் ஈ: பாதிப்பைக் கணிப்பது எப்படி?

தென்னோலை கறுத்ததைக் கண்டதும் மரம் பட்டுவிடும் என்று அஞ்சி மருந்தடிக்க முனைவோர் யாழ்ப்பாணத்தில் பலர். அந்தக் கறுப்பு, வெண் ஈ கழிக்கும் இனிப்பு நீரில் படரும் பூஞ்சணமே. ஈக்கள் குறைந்த பின்பும் அது ஓலையில் நெடுநாள் கிடக்கும். ஆகவே கணிப்பை ஓலையின் அடிப்பக்கத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.

மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்ததும், 2016இல் தமிழ்நாட்டின் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்டதுமான சுருள் வெண் ஈயையே இங்கு கவனிக்கிறோம்.

முதலில், கீழ் அடுக்கின் முதிர்ந்த ஓலையொன்றைக் கொக்கத்தடியால் அறுத்து இறக்குங்கள். இளங்குருத்தை விட முதிர்ந்த ஓலையையே இந்த ஈ நாடும். ஓலையைப் புரட்டினால் வெண்மெழுகுப் பூச்சு சுருள் சுருளாகத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அந்த மெழுகுக்குள் மஞ்சள் நிற நீள்வட்ட முட்டைகள் இருக்கும்.

அடுத்து, ஓலையின் வெவ்வேறு இடங்களிலிருந்து நான்கைந்து ஈர்க்கிலைகளை எடுத்து, முட்டையுள்ள சுருள்களை மட்டும் எண்ணிச் சராசரி காணுங்கள். ஓர் ஈர்க்கிலைக்குப் பத்துக்குக் குறைவெனில் பாதிப்புச் சிறிது, 10 முதல் 20 வரை நடுத்தரம், 20க்கு மேல் கடுமை என்பது இந்திய ஆய்வாளர்கள் கையாளும் அளவுகோல்.

மூன்றாவது படியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஈயின் இளம்பருவக் கூடுகளில் எத்தனை கறுத்துள்ளன, எத்தனையில் வட்டத் துளை உள்ளது என்று பாருங்கள். அவை என்கார்சியா என்னும் நுண்குளவி கூட்டுக்குள் வளர்ந்து ஈயை அழித்ததன் தடயங்கள்; துளை, குளவி வெளியேறிய வழி. இத்தகைய கூடுகள் மிகுந்திருந்தால், சுருள்கள் எத்தனை இருந்தாலும் இரசாயனப் பூச்சிமருந்தைத் தொடாதீர்கள். அது குளவியை முதலில் கொன்றுவிடும்.

வளவிலுள்ள வாழை, கொய்யா இலைகளின் அடியையும் பாருங்கள். ஈ அங்கும் பெருகும். மாரி மழையில் ஈக்கள் குறைந்து தோன்றுமாதலால், அப்போதைய எண்ணிக்கையை நம்பாமல் பங்குனி, சித்திரையில் மீண்டும் எண்ணுவது நல்லது.

நடுத்தரப் பாதிப்புக்கு ஓலையின் அடியில் வேகமாக நீர் பீய்ச்சினாலே போதும். கடுமையானால் சவர்க்காரம் கலந்த வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்து, தெங்கு பயிர்ச்செய்கைச் சபைக்கும் அறிவியுங்கள். அறுத்த பச்சை ஓலையை வேலிக்கோ தோரணத்துக்கோ அயலூருக்குக் கொடுக்கவேண்டாம். ஆனால் குளவி இன்னும் வெளிவராத கறுத்த கூடுகள் நிறைந்த துண்டுகளை எரித்துவிடாமல், ஈ மிகுந்த பக்கத்து மரத்தில் கட்டிவிடுங்கள்.