கோழிக்கூண்டில் நாகம் புகுந்தால் என்ன செய்வது?

மலேசியாவின் பினாங்கில் பாலிக் புலாவ் பக்கம் டுரியான், ஜாதிக்காய்த் தோட்டத்தோடு சேர்ந்த வீடுகளுக்கானது இது. அங்கே வரும் நாகம் விஷம் துப்பும் இனமாக இருக்கலாம்; மலாய் மொழியில் உலார் செண்டோக் என்பார்கள். அது தேடி வருவது எலி, தேரை, முட்டை. அதைப் பிடிப்பது உங்கள் வேலையில்லை. பிடிக்கத் தெரிந்தவர் வரும்வரை அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் உங்கள் வேலை.

1. தள்ளிப் போங்கள். துப்பும் விஷம் இரண்டு மீட்டர் வரை வரும். நான்கு மீட்டர் தள்ளி நில்லுங்கள். படமெடுத்துவிட்டால் முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். நாயை உடனே கட்டுங்கள். மூக்கை நீட்டிக்கொண்டு போய் முதலில் விஷத்தை வாங்குவது அதுதான்.

2. ஒருவர் கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். எல்லாரும் போன் தேடப் போனால் பாம்பு துத்தநாகத் தகரக் குவியலுக்கோ தேங்காய் மட்டைக்கோ அடியில் போய்விடும். அப்புறம் தகரம் தகரமாகத் தூக்கிப் பார்க்க வேண்டியதுதான். ஆபத்தே அங்கேதான்.

3. 999-ஐ அழையுங்கள். பாம்பு என்று சொன்னால் பொம்பாவுக்கோ (தீயணைப்பு மீட்புத் துறை) பொதுத் தற்காப்புப் படைக்கோ தகவல் போகும். மலைத்தோட்டத்துக்கு வீட்டு எண் இருக்காது. எந்த முச்சந்தியில் திரும்ப வேண்டும் என்று சொல்லி, அங்கே ஓர் ஆளை டார்ச்சோடு நிறுத்துங்கள்.

4. கண்ணில் பட்டுவிட்டால். பலர் தவறு செய்யும் இடம் இது. முகத்தை ஒரு தடவை கழுவி, எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். வலி தாங்காமல் இமை தானாக இறுகிக்கொள்ளும். மூடிய இமைமேல் ஊற்றும் தண்ணீர் உள்ளே போவதே இல்லை. இன்னொருவர் இரண்டு விரலால் இமைகளை விரித்துப் பிடிக்க வேண்டும். பட்ட கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடவிடுங்கள். அப்போதுதான் நல்ல கண்ணுக்கு விஷம் போகாது. ரப்பர் குழாயென்றால் வேகத்தைக் குறையுங்கள். கடிகாரம் பார்த்து இருபது நிமிடம். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். கசக்கக் கூடாது, வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தும் கூடாது. பிறகு வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கருவிழியில் புண் இருக்கிறதா என்று அங்கேதான் பார்க்க முடியும்.

5. கடித்துவிட்டால். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு வராது. கடிபட்ட கையையோ காலையோ பலகை வைத்து அசையாமல் கட்டி, ஆளைப் படுக்க வையுங்கள். கயிறு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். வீக்கம் எட்டிய இடத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி. பக்கத்துக் கிளினிக்கில் நேரத்தை விடாமல், அவசரப் பிரிவுள்ள அரசு ஆஸ்பத்திரிக்கே போங்கள். பாம்பைக் கொண்டு போக வேண்டாம், தூரத்திலிருந்து எடுத்த படம் போதும். பாராங் கத்தியால் வெட்டித் துண்டான தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும்.

எதை வாங்கலாம்? ஆன்லைனில் விற்கும் பாம்புக் கொக்கி வேண்டாம். கையில் இருந்தால் கிட்டே போகத்தான் தோன்றும். கண்ணோடு ஒட்டி மூடும் ரசாயனப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று போதும். புல் வெட்டும்போது போடும் வலை முகமூடியை நம்பாதீர்கள், துளி வலைக்கண் வழியாக வந்துவிடும்.

பிற்சேர்க்கை: கந்தகம் தூவினால் வராதா, உப்புக் கோடு போட்டால் வராதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டையும் பாம்பு தாண்டி வரும். அந்தக் காசில் தீவனத்துக்கு இறுக்கமான மூடியுள்ள வாளி வாங்குங்கள், எலி குறையும். கூண்டுக்குச் சாதாரணக் கோழிவலை போட்டிருந்தால் மாற்றுங்கள். அதன் கண் வழியாக மெலிந்த பாம்பு உள்ளே வந்து, குஞ்சை விழுங்கிய பிறகு வயிறு பருத்து வெளியேற முடியாமல் கிடக்கும். காலையில் முட்டை எடுக்கக் கையை உள்ளே விடுபவருக்கு அது தெரியாது. கால் அங்குலக் கம்பிவலையை மண்ணுக்குள் ஓரடி இறக்கிக் கட்டுங்கள்.